மிதிப்பதா, நடப்பதா, நீந்துவதா? தசைச்சிதைவு உள்ள வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு

என் அக்காள் மகனுக்கு 14 வயது. அவனுடைய மரபணுச் சோதனை முடிவு போன மாதம் வந்தது. பெக்கர் வகைத் தசைச்சிதைவு. எனக்கு இருக்கும் அதே நோய். தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு இது நேராக வருவதில்லை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் பிழையை எங்கள் அம்மா தெரியாமலே சுமந்தார். எனக்கு அது நோயாக வந்தது; அக்காளுக்கு வெறும் சுமையாகப் போய், அவள் வழியாக மகனை எட்டியிருக்கிறது. அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளே ஒரு முறை எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்குக் கால்கள் நன்றாக இருந்தும் இதயம் பாதிக்கப்படுவது உண்டு. பல வீடுகளில் அந்தத் தாயை யாரும் சோதிப்பதே இல்லை.

முடிவு வந்த அன்றிரவு அக்காள் போனில் கேட்டாள்: “தம்பி, இவனை ஓடியாட விடலாமா, இல்லை உட்கார வைத்துவிடவா?”

இந்தக் கேள்விக்கு என் வாழ்க்கையில் இரண்டு தவறான பதில்கள் கிடைத்தன. 19 வயதில், கால் மெலிவதைப் பார்த்து ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழச் சொன்னார்கள். மறுநாள் காலை சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் வந்தது. தசை சிதைந்து அதன் நிறமிப் பொருள் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. சூடு பிடித்துவிட்டது என்று இளநீர் கொடுத்தார்கள். பிறகு நோயைக் கண்டுபிடித்த மருத்துவர் நேர் எதிராகச் சொன்னார்: “இனிமேல் அலட்டிக்கொள்ளாதே. எவ்வளவு குறைவாக அசைகிறாயோ அவ்வளவு நாள் தசை நிற்கும்.” பத்து ஆண்டுகள் உட்கார்ந்தேன். எடை கூடியது, மூச்சு வாங்கியது. படிக்கட்டு ஏற முடியாமல் போனதில் நோயின் பங்கு எவ்வளவு, உட்கார்ந்ததன் பங்கு எவ்வளவு என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நோய் எடுத்துக்கொண்டதை மீட்க முடியாது. சும்மா இருந்து இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். அக்காளுக்காக நான் இதை எழுதுவது அதனால்தான்.

மீட்கலாம் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? 2008இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் பெக்கர் நோயாளிகள் 11 பேரை நிலையான சைக்கிளில் உட்கார வைத்தார்கள். ஒரு தடவைக்கு 30 நிமிடம், 12 வாரங்களில் 50 தடவை. வேகம் அவரவர் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனில் 65 சதவீதம். 12 வாரம் முடிந்தபோது அந்தத் திறன் சராசரியாக 47 சதவீதம் கூடியிருந்தது. அதே பயிற்சியைச் செய்த நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்குக் கூடியது 16 சதவீதம்தான். சிதைவைக் காட்டும் சி.கே. என்ற நொதி இரத்தத்தில் உயரவில்லை. தசையைக் கிள்ளி எடுத்துப் பார்த்ததிலும் புதிய சேதம் தெரியவில்லை. இதயம் முன்பு போலவே இருந்தது. அவர்களில் ஆறு பேர் ஓராண்டு வரை தொடர்ந்தார்கள், பலனும் நிலைத்தது. 11 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். நோய் நின்றுவிட்டது என்றும் இதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் “அசையாதே” என்ற அறிவுரையின் அடித்தளத்தை இது ஆட்டிவிட்டது. இடுப்பு, தோள் பகுதியைத் தாக்கும் லிம்ப் கர்டில் நோயின் ஒரு வகையிலும், முகமும் தோளும் மெலியும் வகையிலும், சுருங்கிய தசை எளிதில் தளராத மயோட்டோனிக் வகையிலும் இதே போன்ற சிறிய ஆய்வுகள் நடந்து, அளவு குறைவானாலும் முன்னேற்றத்தையே காட்டின.

அக்காளின் கேள்விக்குப் பதில் ஆயிற்று: உட்கார வைக்க வேண்டாம். எதைச் செய்ய வைப்பது என்பதுதான் இப்போதைய முடிவு.

அதற்கு ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும். தசை இரண்டு விதமாக உழைக்கிறது. கிணற்றிலிருந்து வாளியை இழுத்து மேலே கொண்டுவரும்போது கைத்தசை சுருங்கிக்கொண்டே உழைக்கிறது. நிறைந்த வாளியை மெல்லக் கீழே இறக்கி வைக்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் தசைச் செல்லின் உட்கட்டமைப்பை அதன் உறையோடு சேர்த்துப் பிடிக்கும் கட்டு. இதே மரபணுவின் பிழையால் வரும், பெக்கரைவிடக் கடுமையான டுஷேன் நோயில் அந்தக் கட்டு ஏறக்குறைய இல்லவே இல்லை. பெக்கரில் குட்டையாகவோ குறைவாகவோ இருக்கிறது. கட்டு தளர்ந்த உறைக்குச் சுருங்கும் வேலையைவிட நீண்டு தாங்கும் வேலைதான் கிழிசலைத் தரும். இறக்கத்தில் நடப்பது, படி இறங்குவது, குந்தி எழுவது, ஓடிச் சட்டென்று நிற்பது எல்லாம் அந்த இரண்டாவது வகை. இனி வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

நடையிலிருந்து தொடங்குகிறேன். செலவில்லாதது, எல்லாரும் முதலில் சொல்வது. ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நடை என்பது எந்த மண்ணில் நடக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான் இருப்பது தக்கலைப் பக்கம். கல்குளம், விளவங்கோடு வட்டங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பத்து வீடு தள்ளிப் போவதற்குள் ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் வந்துவிடும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சாலை ஏறி இறங்கிக்கொண்டே போகும். என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரே இறக்கம். ஏற்றம் கடினம், இறக்கம் எளிது என்பது நல்ல கால்களுக்கான கணக்கு. எங்களுக்கு ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவுதான். இறக்கம் தொடையின் முன்தசையைக் கிழிக்கும். அந்தத் தசை தளரும்போது முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடிந்துவிடும். நான் விழுந்தது அத்தனையும் இறக்கத்தில்தான். ஏற்றத்தில் ஒரு முறைகூட விழுந்ததில்லை.

அக்காளைக் கட்டிக்கொடுத்தது பூதப்பாண்டிப் பக்கம். நாஞ்சில் நாட்டு வயல்வெளி, தட்டையான சாலை. அங்கே நடை எனக்கு இருப்பது போன்ற ஆபத்து அல்ல. பையன் காலையில் சமதளச் சாலையில் இருபது நிமிடம் நடக்கலாம், தோழர்களோடு பேசிக்கொண்டே. கால்வாய்க் கரை மட்டும் மழைக்காலத்தில் வேண்டாம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை அந்தக் களிமண் எப்போது வழுக்கும் என்று சொல்ல முடியாது. நடையை மட்டுமே நம்பினால் ஆண்டில் பாதி நாள் பயிற்சி நின்றுபோகும் என்பது இன்னொரு குறை. ஒரே நோய், ஒரே குடும்பம், ஒரே மாவட்டம். ஆனால் மாமனுக்கு ஆகாத நடை மருமகனுக்கு ஆகும். இணையத்தில் “தினமும் நடங்கள்” என்று பொதுவாக எழுதுபவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்.

அடுத்தது நீர். கடலும் ஆறும் குளமும் சூழ்ந்த ஊரில் இதைத்தான் முதலில் நினைப்போம். நீந்துவதற்குச் சாதகமான காரணங்கள் வலுவானவை. இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் பாதியளவை நீரே சுமந்துகொள்கிறது. மார்பளவு என்றால் இன்னும் கூடுதல். நீரில் கை கால் அசைக்கும்போது தசை பெரும்பாலும் சுருங்கித்தான் உழைக்கிறது, நீண்டு தாங்கும் வேலை மிகக் குறைவு. விழுந்து எலும்பு முறியும் ஆபத்து மிகக் குறைவு. டுஷேன் நோய்க்கு 2018இல் உலக வல்லுநர்கள் வகுத்த பராமரிப்பு வழிகாட்டல், உச்சத்துக்குப் போகாத மிதமான பயிற்சியாக நீச்சலையும் சைக்கிளையும் பரிந்துரைக்கிறது.

தடை நீரில் இல்லை, நீருக்குப் போகும் வழியில் இருக்கிறது. சங்குத்துறையிலும் முட்டத்திலும் கடற்கரையில் நின்று பாருங்கள். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். பலமுள்ள கால்களே தடுமாறும் இடம் அது. குளத்துப் படித்துறையோ பாசி பிடித்தது. இறங்குவது இறக்கம், ஈரத்தோடு ஏறுவது அதைவிடச் சிரமம். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வாழும், மூக்கு வழியே மூளைக்குப் போகும் அமீபாவால் 2024இல் பக்கத்துக் கேரளத்தில் உயிரிழப்புகள் நேர்ந்தன. அந்தச் செய்திக்குப் பிறகு பாசி மண்டிய குளத்தில் பிள்ளையை இறக்க எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் ஓடுகிற நீர் என்றாலும் அணை திறந்தால் இழுப்பு சட்டென்று மாறும். மிஞ்சுவது குளோரின் போட்ட நீச்சல் குளம். அது நகரத்தில் இருக்கிறது. பூதப்பாண்டியிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் போய் வருவதற்குள் பயிற்சிக்கான வலு பயணத்திலேயே தீர்ந்துவிடும். இவற்றையும் மீறி நீர் வசதி உள்ளவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். மூச்சுத்திறன் குறைந்தவர்களுக்கு மார்பளவு நீரின் அழுத்தமே சிரமம் தரும். மயோட்டோனிக் வகையினருக்குக் குளிர்ந்த நீரில் தசை இறுகிக்கொள்ளலாம்.

நீர் எனக்கு இரண்டாம் இடம். வசதியான குளம் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் இடம் கொடுத்திருப்பேன்.

இனி சைக்கிள். சைக்கிள் மிதிப்பதை எங்கள் பக்கத்தில் சவுட்டுவது என்பார்கள். நிலையான சைக்கிளில் சவுட்டும்போது தொடைத்தசை சுருங்கிக்கொண்டே தள்ளுகிறது. நீண்டு தாங்க வேண்டிய கட்டம் ஏறக்குறைய வருவதே இல்லை. உடல் பாரத்தை இருக்கை சுமக்கிறது. விழ வழியில்லை, மழை தடுக்காது, மின்சாரம் வேண்டாம். மேலே சொன்ன டென்மார்க் ஆய்வு நடந்ததும் இதில்தான். கனமான சக்கரம் பூட்டிய, மிதிப்பதை நிறுத்தினாலும் காலை இழுத்துக்கொண்டு சுற்றும் வகையை மட்டும் வாங்காதீர்கள். அதை நிறுத்தக் காலால் எதிர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அது மறுபடியும் அந்த இரண்டாவது வகை உழைப்பு. முதுகு சாயும் இருக்கை உள்ள சைக்கிள் இடுப்புத்தசை தளர்ந்தவர்களுக்கு நல்லது, விலைதான் அதிகம்.

என்னிடம் இருப்பது நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்து மிதிக்கும் சிறிய பெடல் கருவி. இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலை. முதல் வாரம் அதோடு பட்ட பாட்டை விரிவாகவே சொல்கிறேன், வாங்குகிறவர்களுக்கு உதவும். சிமென்ட் தரையில் அது ஒவ்வொரு மிதிக்கும் விரல்கடை அளவு முன்னால் நகர்ந்தது. ஐந்து நிமிடத்தில் கால் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். எட்டிப் பிடிக்க நானும் நாற்காலியில் முன்னால் சரிவேன், முதுகு வலிக்கும். பக்கத்து விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பர் பால் வெட்டும் மாமாதான் வழி சொன்னார். காய்ந்த ரப்பர் ஷீட் ஒன்றை இரண்டாக மடித்துக் கருவிக்கு அடியில் போட்டு, முன்கால்களைச் சுவரோடு சேர்த்து வைத்தார். அதன்பின் அது அசையவில்லை. புகை போட்ட ஷீட்டின் வாடை மட்டும் அறையில் இருக்கும், பழகிவிட்டது. நாற்காலி சக்கரம் இல்லாததாக, கைப்பிடி உள்ளதாக இருக்க வேண்டும். காலை நீட்டும்போது முழங்கால் முற்றிலும் நிமிர்ந்துவிடாத தூரத்தில் அதைப் போட வேண்டும். பாதம் நழுவுகிறவர்கள் மிதியில் நாடாவால் கட்டிக்கொள்ளலாம்.

பையனுக்கு இந்தக் கருவி சலித்துப் போகும் என்று அக்காள் பயப்படுகிறாள். நியாயமான பயம். ஆனால் அவனிடம் ஏற்கெனவே பள்ளிக்குப் போகும் சைக்கிள் இருக்கிறது, ஊரும் சமதளம். ஏறி இறங்குவதில் தடுமாற்றம் வராத வரை அதுவே அவனுக்குப் பயிற்சி. மழை நாளிலும் தேர்வு நாளிலும் வீட்டுப் பெடல். கால் தளர்ந்த பிறகும் சவுட்டுவதை விட வேண்டியதில்லை. அதே கருவியை மேசை மீது ஏற்றி வைத்துக் கையால் சுற்றலாம். நெதர்லாந்தில் டுஷேன் நோயுள்ள 30 சிறுவர்களிடம் 24 வாரம் நடந்த ஓர் ஆய்வில், மோட்டார் துணையோடு காலாலும் கையாலும் மிதித்த சிறுவர்களின் இயக்கத்திறன் நிலையாக நின்றது. மிதிக்காதவர்களுக்கு அது சரிந்தது. சக்கர நாற்காலியில் இருந்த சிறுவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். “இனி என்ன செய்வது, நாற்காலிக்கு வந்தாயிற்றே” என்று சொல்லும் பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வர்ம வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு முடியாது. தசை மெலியும் பிள்ளை உள்ள வீட்டில் ஆசானைப் பார்க்காதவர்கள் அரிது. நானும் இரண்டு மண்டலம் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். இதமாக இருந்தது, இறுகிய பின்கால் கொஞ்சம் தளர்ந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் தேய்க்கும்போது உழைப்பது ஆசானின் கை. நம் இதயமும் நுரையீரலும் உழைப்பதில்லை, எனவே மிதிப்பதற்கு அது மாற்று ஆகாது. ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு எலும்பு மெலிந்திருக்கும். மூட்டைப் பிடித்துத் திருப்பிச் சொடுக்குவதை அவர்களுக்குச் செய்ய விடாதீர்கள். இதை ஆசானிடமே முன்கூட்டிச் சொன்னால் நல்ல ஆசான் ஏற்றுக்கொள்வார்.

கால்பந்துதான் மிகக் கடினமான பகுதி. மருமகன் பள்ளி அணியில் ஓடுகிறவன். “மாமா, கோல் கீப்பராக மட்டும் நின்றுகொள்ளட்டுமா?” என்று கேட்டான். கோல் காப்பவன் பாய்ந்து விழுவான், குந்தி எழுவான்; அவனுக்கும் அந்த இரண்டாவது வகை உழைப்பு நிறைய உண்டு. அதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. போட்டி வேண்டாம் என்றேன். மாலையில் தோழர்களோடு பந்தைத் தட்டிக்கொண்டு விளையாடலாம், நினைத்தபோது உட்காரலாம், மறுநாள் வலி இருந்தால் அடுத்த நாள் இல்லை என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். 14 வயதுப் பிள்ளையிடமிருந்து பந்தை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டுச் சைக்கிளைக் கொடுத்தால் அவன் சைக்கிளையும் வெறுப்பான்.

அளவை எப்படித் தெரிந்துகொள்வது? ஆய்வுக்கூடத்து 65 சதவீதம் வீட்டில் அளக்க முடியாது. நாடித்துடிப்பை எண்ணலாம் என்பார்கள். ஆனால் இதயத்துக்காகத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொய் சொல்லும். நான் வைத்திருக்கும் அளவுகோல் பேச்சு. மிதித்துக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட முடிந்தால் வேகம் போதாது. சொல் சொல்லாக மூச்சு வாங்கினால் அதிகம். முதல் வாரம் ஐந்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டினேன். 30 நிமிடத்தை எட்ட எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. காய்ச்சல் நாளில் மிதிப்பதில்லை. சாப்பிட்ட உடனே மிதிப்பதில்லை. புழுக்கமான மே மாதத்தில் விடியற்காலை மட்டும்.

உண்மையான தேர்வு மறுநாள் காலை. எழும்போது வழக்கமான சோர்வுதான் என்றால் சரி. 24 மணி நேரம் கடந்தும் தசை வலி நீடித்தால் முந்தைய நாள் அதிகம், அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீர் கறுத்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இளநீரோடு நிற்கக் கூடாது. நெஞ்சு படபடத்தாலோ தலை சுற்றினாலோ அதே விதி.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதயச் சோதனை. பெக்கர் நோயில் கால்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயத்தசை தளர்ந்திருக்கலாம். மயோட்டோனிக் வகையில் இதயத்தின் மின்னோட்டம் தடைப்படலாம். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பார்க்காமல் ஒரு நிமிடம்கூடத் தொடங்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். தசை, நரம்பு நோய்களுக்கென்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கும் இங்கிருந்து பலர் போகிறார்கள். நோயின் வகையையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளித்தோற்றத்தில் பெக்கர் போலவே தெரியும் வேறு நோய்கள் உண்டு. அவற்றில் ஒன்றான டிஸ்ஃபெர்லின் புரதக் குறைபாட்டில் கடும் பயிற்சி கேடு செய்யலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வெளியே போக முடியாதவர்கள், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வருவதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுக்கலாம். நாற்காலியின் உயரம், காலின் தூரம் இரண்டையும் அவர் ஒரு முறை பார்த்துச் சரி செய்தால் போதும்.

எனக்கு என்ன கிடைத்தது என்று அக்காள் கேட்டாள். பஸ் படி ஏறுவது எளிதாகவில்லை. இன்னமும் கம்பியைப் பிடித்து உடலை இழுத்துத்தான் ஏறுகிறேன். ஆனால் அலுவலகம் முடிந்து வந்தால் முன்பு விளக்குகூடப் போடாமல் படுத்துவிடுவேன். இப்போது குளித்து, சாப்பிட்டு, அவளோடு அரை மணி நேரம் போனில் பேசிவிட்டுப் படுக்கிறேன். இது அவளுக்கும் தெரியும், பேசுவதே அவளோடுதானே.

மருமகனுக்கு நாங்கள் எடுத்திருக்கும் முடிவு: சமதளத்தில் பள்ளிச் சைக்கிள் முதலில், மழை நாளுக்கு வீட்டுப் பெடல், விருப்பப்பட்ட நாளில் நடை. நீச்சல், கோடை விடுமுறையில் நகரத்தில் தங்கும்போது. அடுத்த வியாழக்கிழமை அவனுக்கும் அக்காளுக்கும் சேர்த்தே எக்கோ. ரப்பர் ஷீட் ஒன்றைப் பக்கத்து விளை மாமாவிடம் வாங்கி, அளவாக வெட்டிக் கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறேன். முடிவு நல்லபடியாக வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை பெடலோடு எடுத்துக்கொண்டு போவேன்.